பிளேக்கோடு மல்லுக்கட்டிய ஹாஃப்கின்

நம்ம டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் மாசம் ஒரு தடவையாவது அந்தச் செய்தி வந்துடும். அவசரம், பிளேட்லெட் குறைஞ்சிருச்சு, ரத்தம் தேவை, யாராவது கிளம்புங்க. நீங்களும் பார்த்திருப்பீங்க, ரெண்டு பேர் பைக் எடுத்துக்கிட்டு ஓடுவாங்க, மத்தவங்க கும்பிடு போடும் எமோஜியோடு நிறுத்திக்குவோம். போன ஐப்பசியில் அந்தச் செய்தியை நானே போட வேண்டியதாச்சு. நோயாளி, என் ஆயா.

எங்க ஊர் கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரம். கோமுகி அணைக்குப் போயிருந்தீங்கன்னா அந்தப் பக்கம் தெரியும். மழை விட்டதும் ஆயா மரவள்ளிக் காட்டுக்குக் களை எடுக்கப் போனாங்க. ரெண்டு வாரம் கழிச்சுக் காய்ச்சல். மெடிக்கலில் வாங்கின மாத்திரையிலேயே அஞ்சு நாள் ஓடிடுச்சு. ஆறாம் நாள் பல் ஈறில் ரத்தம் கசிஞ்சுது. அதே நாள் இடது கால் விரல் நுனிகள் மை தொட்ட மாதிரி கருத்துப் போச்சு. ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் 22,000 என்றார்கள். இடுப்பு மடிப்பில், புடவைக் கட்டுக்குக் கீழே, பீடி சுட்ட மாதிரி ஒரு கருப்புப் புண் இருந்தது. டாக்டர் அதைத்தான் முதலில் தேடினார். உண்ணிக் காய்ச்சல். புதரில் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுண்ணி கடிச்சு வருவது. டாக்சிசைக்ளின் ஆரம்பிச்சாங்க. பிளேட்லெட் ஏத்தச் சொல்லி நாங்க சண்டை போட்டோம், ரத்தம் கொட்டாத வரைக்கும் அது வேண்டாம், கிருமியை அடக்கினா தானா ஏறும் என்றார். பப்பாளி இலைச் சாறோடு வந்த மாமாவை வாசலோடு அனுப்பிவிட்டார்.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான். ஈறில் ரத்தம் நிக்க மாட்டேங்குது, விரலில் ரத்தம் ஓட மாட்டேங்குது. ஒரே உடம்பில் எப்படி ரெண்டும்?

அதைத் தேடிப் போனப்போதான் பிளேக்கில் போய் முட்டினேன். விரல் கருப்பதும் ரத்தம் கசிவதும் பிளேக்கின் பழைய அடையாளம். பிளேக்கைத் தேடினா இந்தியாவில் ஒரு பேர் வந்து நிக்குது. வால்டெமார் ஹாஃப்கின். மும்பை பரேலில் அவர் பெயரில் ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கு, 1964இல் நம்ம அரசு தபால்தலையும் வெளியிட்டிருக்கு. பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, கதை தெரிஞ்சிருக்காது. எனக்கும் தெரியாது.

ஹாஃப்கின் 1860 மார்ச் 15 அன்று கருங்கடல் ஓரத்து ஒடெசாவில் பிறந்தார். அன்றைக்கு அது ரஷ்யப் பேரரசு, இன்றைக்கு உக்ரைன். யூதக் குடும்பம், பெரிய வசதி கிடையாது. ஒடெசா பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாத்தியாராக வாய்த்தவர் இலியா மெச்னிகோஃப், வெள்ளணுக்கள் கிருமியை விழுங்குவதைக் கண்டுபிடிச்சு 1908இல் நோபல் வாங்கியவர். யூதர்கள் மேல் கலவரக் கும்பல்கள் பாய்ந்த காலம் அது. ஹாஃப்கின் தற்காப்புக் குழுவில் சேர்ந்தார், அடிபட்டார், கைதானார். மெச்னிகோஃப் தலையிட்டுத்தான் வெளியே எடுத்தார்.

படிப்பு முடிந்தது, வேலை இல்லை. யூதராக இருந்துகொண்டு பேராசிரியர் ஆக முடியாது, மதம் மாறினால் ஆகலாம் என்றார்கள். மாட்டேன் என்றுவிட்டார். விலங்கியல் அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன வேலை. 1888இல் ஜெனிவா, அடுத்த வருஷம் பாரிஸ். பாஸ்டர் நிறுவனத்தில் காலியாக இருந்த ஒரே வேலை உதவி நூலகர். சரி என்று சேர்ந்தார். கேம்பஸ் இன்டர்வியூவில் கோர் கம்பெனி கிடைக்காம வேற எதிலோ சேர்ந்த சீனியர்கள் நம்மகிட்டயும் இருக்காங்க இல்லையா, அந்த நிலைமைதான். பகலில் புத்தகம் அடுக்கினார், மிச்ச நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் காலராக் கிருமியோடு உட்கார்ந்தார்.

1892 ஜூலை 18 அன்று, தான் தயாரித்த காலரா தடுப்பூசியைத் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போனது. ரஷ்யாவில் காலரா பரவிக்கொண்டிருந்தும் சொந்த நாட்டு அரசு அதை ஏற்கவில்லை. பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த டஃபரின் பிரபு, முன்னாள் இந்திய வைஸ்ராய், இந்தியாவுக்குப் போகச் சொல்லி வழி பண்ணினார். 1893 மார்ச்சில் கல்கத்தா வந்து இறங்கினார் ஹாஃப்கின்.

ஊர் ஊராகப் போனார். 1894இல் கல்கத்தாவின் ஒரு குடிசைப் பகுதியில் நடந்தது முக்கியமானது. வெள்ளைக்காரன் ஊசி என்று ஜனங்கள் ஒதுங்கினார்கள், கல் வீசினார்கள் என்றும் சொல்கிறார்கள். அவரும் கூட வந்த இந்திய டாக்டர்களும் எல்லார் முன்னாலும் தங்களுக்கே ஊசி போட்டுக்காட்டிய பிறகுதான் ஜனங்கள் வந்தார்கள். 200 பேர் கொண்ட அந்த இடத்தில் 116 பேர் போட்டுக்கொண்டார்கள். அதன்பின் அங்கே காலரா வந்தது ஊசி போடாத ஆட்களுக்கு மட்டும்தான். போட்டவர்கள், போடாதவர்கள் ரெண்டு பேரையும் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடணும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். இன்றைக்கு கன்ட்ரோல் குரூப் என்று லேபில் எழுதுறோமே, அந்த யோசனையைச் சேற்றுச் சந்தில் நின்று செய்தார். 1895க்குள் 42,000 பேருக்குப் போட்டு முடித்தபோது மலேரியா அவரைப் படுக்கவைத்தது. இங்கிலாந்துக்குப் போய், உடம்பு முழுசாகத் தேறாமலேயே திரும்பி வந்தார்.

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக். துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் ஆரம்பித்தது. அரசு அக்டோபரில் ஹாஃப்கினைக் கூப்பிட்டது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு தாழ்வாரமும் ஒரு சின்ன அறையும் தந்தார்கள். கூட ஒரு எழுத்தர், மூன்று பியூன்கள். ஒரு உதவியாளர் உடைந்துபோனார், ரெண்டு பேர் ஓடிவிட்டார்கள்.

அந்த வார்டுகளில் அவர் பார்த்தது என்ன என்பதை இங்கே சொல்லணும். எலி செத்து விழும், அப்புறம் மனுஷனுக்குக் காய்ச்சல் வரும். தொடையிடுக்கில், அக்குளில் எலுமிச்சை அளவு நெறி கட்டும். சிலருக்கு மேலெல்லாம் ரத்தப் பொட்டுகள், சிலருக்கு விரலும் மூக்கு நுனியும் கருத்துவிடும். கிருமியை 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டுபிடித்திருந்தார். தெள்ளுப்பூச்சி கடத்துவது 1898 வரை யாருக்கும் தெரியாது. ரத்தம் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பது அன்றைக்கு யாருக்குமே தெரியாது, ஹாஃப்கினுக்கும்தான்.

இப்போது தெரியும். எங்க காட்டுக் கணக்கில் சொல்றேன். சொட்டு நீர்க் குழாயில் எங்காவது ஓட்டை விழுந்தா எம்-சீல் வைப்போம் இல்லையா, ரத்தத்தில் அந்த எம்-சீல் வேலையைப் பார்ப்பது பிளேட்லெட்டும் உறைகாரணிகளும். பிளேக் மாதிரிக் கிருமிகளின் மேல்தோலில் எண்டோடாக்சின் என்று ஒரு பொருள். அதை உணர்ந்ததும் வெள்ளணுக்கள் தங்கள் மேல் டிஷ்யூ ஃபேக்டர் என்கிற கொடியை ஏற்றுகின்றன, அடிபட்ட இடம் இது, உறையவை என்று அர்த்தம். வழக்கமாக அந்தக் கொடி காயத்தில் மட்டும்தான் ஏறும். கடுமையான தொற்றில் உடம்பு முழுக்க ஏறிவிடுகிறது. ஆயிரம் இடத்தில் ஒரே நேரத்தில் எம்-சீல். மெல்லிய நாளங்கள் அடைபடும், விரல் நுனி கருக்கும், கிட்னி படுக்கும். உறைவை நிறுத்த வேண்டிய ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி எல்லாம் இந்தக் களேபரத்தில் தீர்ந்துபோகும். உறைந்ததைக் கரைக்கும் வேலையும் முடங்கும். அப்புறம் எம்-சீல் டப்பா காலி. ஈறில் ஒரு உண்மையான ஓட்டை விழும்போது வைக்க ஒண்ணுமே இருக்காது. டாக்டர்கள் இதை டி.ஐ.சி. என்கிறார்கள். ஆயாவோட ரிப்போர்ட்டில் டி-டைமர் என்று ஒரு எண் எக்கச்சக்கமாக இருந்தது. உறைந்த ஃபைப்ரின் உடைந்த துண்டுகளின் அளவு அது. உண்ணிக் காய்ச்சல் கிருமிக்கு எண்டோடாக்சின் கிடையாது, அது நேராக நாளத்தின் உள்சுவரிலேயே குடியேறிச் சேதம் பண்ணும். வழி வேற, போய்ச் சேரும் இடம் ஒண்ணு.

ஆக ஒரே உடம்பில் ரெண்டும் நடப்பது முரண் இல்லை. முதலாவது நடந்ததால்தான் ரெண்டாவது.

பிளேக் கிருமி இதில் ஒரு படி மேலே. கிருமி நுழைந்த இடத்தைச் சுற்றி உடம்பு ஃபைப்ரின் வலை போட்டுப் பூட்டப் பார்க்கும். உறைவு என்பது ஓட்டை அடைக்க மட்டும் இல்லை, திருடனை அறைக்குள் வைத்துப் பூட்டவும்தான். பிளேக் கிருமியிடம் பிளா என்ற நொதி இருக்கிறது. நம்ம உடம்பின் பிளாஸ்மினோஜனையே தூண்டிவிட்டு, நம்ம சாவியாலேயே அந்தப் பூட்டைத் திறந்துவிடும். பிளா இல்லாத கிருமியை எலியின் தோலுக்கடியில் போட்டால் பெரும்பாலும் அங்கேயே முடங்குகிறது.

திருடனைப் பூட்டுவது எவ்வளவு பழைய தந்திரம் என்று பார்க்கணும்னா குதிரைலாட நண்டைப் பாருங்க. எண்டோடாக்சின் பட்டால் அதன் ரத்தம் கட்டியாகிவிடும். நமக்குப் போடும் ஊசி மருந்துகள் சுத்தமா என்று பார்க்கும் சோதனையே அதிலிருந்து பிறந்ததுதான். அந்தச் சோதனை வருவதற்கு அறுபது எழுபது வருஷம் முன்னாடி ஹாஃப்கின் புட்டி நிரப்பிக்கொண்டிருந்தார், அந்தக் கதைக்கு வர்றேன்.

தாழ்வாரத்தில் மூன்றே மாசம். குழம்பில் கிருமியை வளர்த்தார், மேலே கொஞ்சம் நெய் மிதக்கவிட்டார். அந்தத் துளிகளிலிருந்து கிருமிக் கூட்டம் விழுது மாதிரிக் கீழே தொங்கும். அசைத்து உதிர்த்துவிட்டால் புது விழுது. கடைசியில் சூடாக்கிக் கொன்று அதையே தடுப்பூசி ஆக்கினார். 1897 ஜனவரி 10 அன்று தனக்கே 10 சி.சி. போட்டுக்கொண்டார், பின்னால் ஜனங்களுக்குக் கொடுத்ததைவிட அதிகம். நல்ல காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் வலி. செத்த கிருமி என்றாலும் மேல்தோல் அதேதானே, எண்டோடாக்சின் தன் வேலையைக் காட்டியிருக்கும். வேலைக்கு லீவு போடவில்லை.

அந்த மாசக் கடைசியில் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்தது. கைதிகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் விரும்பிப் போட்டுக்கொண்டார்கள். ஊசி போட்ட அன்றே நோய் தொற்றியிருந்தவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், போடாதவர்களில் 12 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள், போட்டவர்களில் 2 பேருக்கு வந்து ரெண்டு பேரும் பிழைத்தார்கள். கைதி விருப்பம் எவ்வளவு விருப்பம் என்று நீங்க கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் அதே வருஷம் புனேயில் பட்டாளம் வீடு புகுந்து சோதனை போட்டு, அந்த ஆத்திரத்தில் சாபேகர் சகோதரர்கள் ராண்ட் என்ற பிளேக் அதிகாரியைச் சுட்டார்கள் என்பதையும் பக்கத்தில் வையுங்க. கட்டாயம் வேண்டாம், கேட்டுத்தான் போடணும் என்று நின்றவர் ஹாஃப்கின். மூன்றாம் ஆகா கான் தானும் போட்டுக்கொண்டு, தன் சமூகத்தாரையும் போடவைத்து, ஆய்வுக்கூடத்துக்குத் தன் பங்களாவையும் கொடுத்தார். 1899இல் பரேலில் பழைய கவர்னர் மாளிகையே கிடைத்தது. தாழ்வாரத்திலிருந்து மாளிகைக்கு மூன்று வருஷம்.

ஊசி முழுப் பாதுகாப்பு தரவில்லை. நோய் வரும் வாய்ப்பைக் குறைத்தது, சாவை இன்னும் குறைத்தது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் வேறு எதுவுமே இல்லை. இந்தியாவில் அந்தப் பிளேக் அலையில் ஒரு கோடிக்கு மேல் இறந்தார்கள். ரயில் ஏறித் தெற்கே பெங்களூர் வந்தது, சேலம் பக்கமும் வந்தது. கோயம்புத்தூரில் இன்றைக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கு, அந்தப் பக்கத்துப் பசங்களைக் கேட்டா காட்டுவாங்க.

இப்போ அந்தப் புட்டி. 1902 அக்டோபர் 30, பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம். அன்றைக்கு 107 பேருக்கு ஐந்து புட்டியிலிருந்து ஊசி போட்டார்கள். 53-என் என்று எண்ணிட்ட புட்டியிலிருந்து போட்டுக்கொண்டவர்கள் 19 பேர். அந்த 19 பேரும் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். மிச்ச 88 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

புட்டி பம்பாயில் நிரப்பியது, திறப்பதற்கு 41 நாள் முன்னால். அளவு அதிகம் தேவைப்பட்டதால் ஹாஃப்கின் தயாரிப்பு முறையில் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டுவிட்டு, சூடாக்குவதை மட்டும் வைத்திருந்தார். விசாரணைக் குழு அதைப் பிடித்துக்கொண்டது. புட்டி திறக்கும் முன்பே கெட்டிருந்தது என்று முடிவு. ஹாஃப்கினைச் சம்பளமில்லாமல் விலக்கி வைத்தார்கள். அவர் லண்டன் போய்விட்டார்.

நீங்க குவாலிட்டி கன்ட்ரோல் பேப்பர் படிச்சிருந்தா இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவீங்க. விசாரணையிலேயே இன்னொரு தகவல் இருந்தது. கிராமத்தில் புட்டியின் கார்க்கைப் பிடுங்கும்போது உதவியாளர் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்து, சரியாகக் கிருமி நீக்காமல் அதையே பயன்படுத்தினார். டெட்டனஸ் கிருமி மண்ணில் குடியிருப்பது. அதோடு, 41 நாள் டெட்டனஸ் வளர்ந்த புட்டி நாறும், திறந்த டாக்டருக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. இந்த ரெண்டும் காகிதத்தில் இருந்தும், அறிக்கை வருஷக்கணக்கில் வெளியே வரவில்லை. வந்த பிறகு லண்டன் லிஸ்டர் நிறுவனம் ஆய்ந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் விரல் நீட்டியது. மலேரியாவுக்கு நோபல் வாங்கிய ரொனால்ட் ராஸ் 1907இல் டைம்ஸ் பத்திரிகையில் வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார். பிரான்சில் டிரைஃபஸ் என்ற யூத அதிகாரியைப் பொய்க் குற்றத்தில் மாட்டவைத்த வழக்கு எல்லார் மனசிலும் இருந்த நேரம், இதைக் குட்டி டிரைஃபஸ் விவகாரம் என்றார்கள். 1907 கடைசியில் அவர்மேல் பழி இல்லை என்றானது.

என் கருத்தைச் சொல்லிடறேன். கார்பாலிக் அமிலத்தை எடுத்தது தப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். அது இருந்திருந்தால் இடுக்கியின் மண்ணை ஒருவேளை அடக்கியிருக்கலாம். ஆனால் ஐந்து வருஷம் ஒரு மனுஷனைத் தூக்கி ஓரம் வைக்கும் அளவுக்கு அது ஆதாரம் கிடையாது. இறந்த 19 பேர் பெயரும் எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் படவில்லை, அதுவும் உறுத்துது.

திரும்பி வந்தவருக்குப் பரேலில் இடம் இல்லை, அந்த நாற்காலியில் வேறொருவர். கல்கத்தாவில் ஒரு ஆய்வுக்கூடம் கொடுத்தார்கள், மனிதர்களிடம் புதுத் தடுப்பூசியைச் சோதிக்கும் அனுமதி மட்டும் கொடுக்கவில்லை. பெரிதாக ஒன்றும் எழுதாமலேயே ஏழு வருஷம் கழிந்தது. 1914இல் ஓய்வு பெற்றுப் பிரான்சுக்குப் போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மதம் மாற மாட்டேன் என்று இளமையில் வேலையை விட்டவர், கடைசிக் காலத்தில் தன் மதத்திலேயே ஆழமாக இறங்கினார், சேர்த்த பணத்தைக் கிழக்கு ஐரோப்பாவின் யூதக் கல்விக்கூடங்களுக்கு எழுதிவைத்தார். 1925இல் பரேல் கூடத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். அதற்குள் அங்கிருந்து இரண்டரைக் கோடிக்கு மேல் பிளேக் ஊசிகள் போயிருந்தன. பெயர்ப்பலகையைப் பார்க்க அவர் வரவில்லை. 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லொசானில் இறந்தார்.

ஆயா பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தாங்க. பிளேட்லெட் தானா ஏறிச்சு, டாக்டர் சொன்ன மாதிரியே. ரத்தம் கொடுக்கக் கள்ளக்குறிச்சிக்கு பைக்கில் வந்த மூணு பேருக்கும் டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். சுண்டுவிரல் நுனி ரெண்டு மாசத்தில் காய்ந்து தானா உதிர்ந்தது, அதை ஆயாவே எடுத்து வேலியோரம் புதைச்சாங்க. காட்டுக்கு மறுபடி போறாங்க. முழுக்கால் மூடுற பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அது அட்டாலியில் இருக்கு, ஆயா செருப்போடதான் போறாங்க. சாயந்திரம் வந்ததும் வெந்நீரில் குளிச்சுட்டு, இடுப்பு மடிப்பைத் தடவிப் பார்க்க மட்டும் பழகிட்டாங்க.